ஐந்தாவது இனிப்பு

கல்யாணப் பந்தியில் இலைக்கு வரும் ஐந்தாவது இனிப்பு யாருடைய பசிக்காக? முதல் இனிப்பை நாக்கு கேட்கிறது. இரண்டாவதும் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற பயத்துக்குப் படைக்கும் படையல். அந்தப் படையலுக்காகத்தான் பெண்ணைப் பெற்றவர் வட்டிக்கு வாங்குகிறார்.

பல சமூகங்களில் பந்திச் செலவு பெண் வீட்டார் தலையில் விழுகிறது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நடத்தும் சமூகங்களிலும் சீர்ப் பலகாரம் பெண் வீட்டிலிருந்து போயாக வேண்டும். லட்டு, அதிரசம், மைசூர்பாகு, முறுக்கு என்று தாம்பாளம் தாம்பாளமாகப் போகும். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமாம். இருபது தட்டு தயாராக இருந்தால் இன்னொன்று சேர்த்து இருபத்தொன்றாக்கச் சொல்வார்கள். அந்த ஒரு தட்டு எந்தத் தம்பதியின் வாழ்க்கையைக் காப்பாற்றியது என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணத்தோடு இது முடிவதும் இல்லை. தலைதீபாவளிக்கு ஒரு கூடை, வளைகாப்புக்கு ஒரு கூடை என்று நீளும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை கேட்பதையும் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. கேட்காமல், வழக்கப்படி, வசதிக்கு மீறாமல் கொடுக்கும் அன்பளிப்பை அது தொடுவதில்லை. ‘நாங்கள் எதையும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்’ என்ற பேச்சு அந்தச் சந்தில்தான் உயிர்வாழ்கிறது. வாய் கேட்காததை வழக்கம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

சுயமரியாதை பேசும் நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் முன்வைத்தபோது, புரோகிதரை விலக்குவதோடு வீண் செலவை விலக்குவதும் அதில் அடக்கம். கல்யாணத்தைச் சிக்கனமாக முடியுங்கள் என்று அவர் மேடைதோறும் வற்புறுத்தினார். 1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சட்டம் அந்தத் திருமணங்களுக்கு ஏற்பு தந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், கல்யாணம் செல்லும். விருந்து போட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் இன்று மேடையில் மந்திரம் இல்லாமல் நடக்கும் கல்யாணத்திலும் கீழ்த்தளத்தில் ஜாங்கிரி, பாதுஷா, பாசந்தி, ஐஸ்கிரீம், பீடா என்று வரிசை நிற்கிறது. ஐயரை அனுப்பிவிட்டோம், அவர் உட்கார்ந்திருந்த மணையில் அந்தஸ்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டோம்.

பந்தி முடிந்ததும் இலை எடுக்கும் பெண்களின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு கடி கடித்த மைசூர்பாகு, பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்த பாதுஷா, தொடாத ஜாங்கிரியில் வழிந்திருக்கும் ரசம். எல்லாவற்றையும் இலையோடு சேர்த்துச் சுருட்டி வாளியில் போடுகிறார்கள். அண்டாவில் மிஞ்சியதையாவது யாருக்காவது கொடுக்கலாம், இலையில் விழுந்ததை யாருக்குக் கொடுப்பது? இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பந்தியில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் ‘வேண்டாம்’ என்று கையைக் குறுக்கே நீட்டுகிறார்கள். பரிமாறுகிறவர் விரலிடுக்கு வழியாகவே ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். இதற்குப் பெயர் உபசாரம் என்றால் அது யாரை மதித்த உபசாரம்?

சிக்கனம் என்றால் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். முந்நூறு பேருக்குச் சூடான கேசரி. ஐந்து கிலோ ரவை, பத்துக் கிலோ சர்க்கரை, பதினைந்து லிட்டர் தண்ணீர், நெய்யும் எண்ணெயுமாக மூன்று கிலோ, முந்திரி திராட்சை ஒரு கிலோ. ஆளுக்கு நூறு கிராம் தாராளமாக வரும். ரவையை நெய் விட்டு வாசம் வரும்வரை வறுத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கட்டி தட்டாமல் தூவிக் கிளற வேண்டும். ரவை முழுதும் வெந்து மலர்ந்த பிறகுதான் சர்க்கரை போட வேண்டும். முன்னாலேயே போட்டால் ரவை சரியாக வேகாமல் பல்லில் நறுக்கென்று நிற்கும். மிச்ச நெய்யைக் கடைசியில் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, உடனே பந்திக்கு அனுப்ப வேண்டும். பாசிப்பருப்புப் பாயசம் என்றால் நாலு கிலோ பருப்பு, எட்டுக் கிலோ வெல்லம், பதினாறு தேங்காய். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, பருப்பு குழைந்த பிறகு சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டு முதல் பாலை ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். இந்த இரண்டில் ஒன்று, பந்திக்குப் பந்தி புதிதாக, நல்ல நெய்யில் செய்தது போதும். இலைக்கு இவ்வளவு என்று விலையை இறுக்கிவிட்டு ஐந்து வகை கேட்டால், சமையல்காரர் முந்தின நாளே வனஸ்பதியில் பொரித்து அடுக்குவதைத் தவிர என்ன செய்வார்?

வகையைக் குறைத்தால் அவர் பிழைப்பு போகுமே என்கிறார்கள். நியாயமான கவலை. ஐந்து வகைக்குக் கொடுக்க நினைத்த கூலியில் குறைக்காமல் ஒரே வகைக்குக் கொடுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் உதவியாளர்கள் அன்றைக்காவது கொஞ்சம் தூங்கட்டும். மிச்சமாகும் பணம் சாமானில் மிச்சமாகும்.

ஆனால் இந்த முடிவைப் பெண்ணின் அப்பாவால் எடுக்க முடியாது. அவர் ‘ஒரு இனிப்பு போதும்’ என்றால் கையாலாகாதவர் என்பார்கள். அம்மா சொன்னால் கருமி என்பார்கள். மணப்பெண் சொன்னால் இப்போதே இப்படி என்பார்கள். சொன்னால் எடுபடும் இடத்தில் இருப்பவன் மாப்பிள்ளை ஒருவன்தான். நிச்சயதார்த்தத்துக்கு முன் பெரியவர்கள் பந்திப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காரும்போது, அவன் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருக்கிறான். தம்பி, அந்தத் தாளை வாங்கி, முதல் இனிப்புக்குக் கீழே கோடு போட்டு, செலவில் பாதி எங்களுடையது என்று உன் கையால் எழுது. சீர்த் தட்டு ஒன்றுகூட வேண்டாம் என்பதை உன் அம்மாவிடம் நீயே சொல், பெண் வீட்டார் காதில் விழும்படி சொல்.