கூடு மாறிய மணிக்கூடு

சென்ற நோன்புப் பெருநாளன்று என் மாமியின் உள்ளங்கையில் ஒரு சட்டைப்பை மணிக்கூட்டை வைத்தேன். மாமிக்கு இப்போது பார்வை மிகவும் மங்கல். பின்மூடியிலிருந்த தேய்ந்த கீறல்களை விரலால் தடவி, பழைய பூவேலை என்று எண்ணிக்கொண்டார். "இது வாப்பாட மணிக்கூடுதான் மகன். இந்த மூடிய எத்தின தரம் தடவியிருப்பன்" என்றார். நான் பேசாதிருந்தேன். அந்த மூடி அவருடைய வாப்பாவினுடையதல்ல. அந்த மௌனம் பொய்யா, இல்லையா என்பதே அன்று முதல் என்னை உறுத்திய கேள்வி.

மூத்தாப்பா மொனராகலையில் ஓர் இறப்பர்த் தோட்டத்தின் அருகே சில்லறைக் கடை வைத்திருந்தவர். அவரிடமிருந்தது அமெரிக்காவின் வோல்தம் கம்பனி மணிக்கூடு, வெள்ளிக் கூடு. அவர் மௌத்தான பின் வந்த ஒரு கஷ்ட காலத்தில் வாப்பா கூட்டை மட்டும் எடைக்கு விற்றார். உள்ளிருந்த இயந்திரத்தை யாரும் கேட்கவில்லை. அது பிஸ்கட் டின்னொன்றில் பல ஆண்டுகள் கிடந்தது. உலகெங்கும் எத்தனையோ பழைய மணிக்கூடுகளுக்கு நேர்ந்த கதிதான் இது. வெள்ளியும் பொன்னும் உருகின. நேரம் காட்டிய பகுதி அநாதையாயிற்று.

பதுளையில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். வேறு கூடு போடுவது தவறில்லையா என்று கேட்டபோது அவர் சிரித்தார். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே செய்து விற்றன. கூடு செய்தவர்கள் வேறு. வாங்குபவரின் வசதிக்கேற்ப வெள்ளியோ நிக்கலோ தங்கமுலாமோ கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். அதற்காகவே அளவுகள் பொதுவாக வகுக்கப்பட்டன. 16 ஆம் அளவு என்றால் இயந்திரத் தட்டின் விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர்.

ஆயினும் அளவு ஒத்தால் மட்டும் போதாது. அவற்றுட் பலவற்றில் சாவி கொடுக்கும் தண்டு இயந்திரத்தோடு அல்ல, கூட்டின் கழுத்தோடு சேர்ந்தது. நெம்பை இழுத்து நேரம் மாற்றும் வகையாயின் கூட்டில் அதற்கொரு வெட்டு வேண்டும். இயந்திரத்தைப் பிடிக்கும் திருகாணிகள் கூட்டின் விளிம்பில் தடம் பதிக்கும். தடம் வேறிடத்தில் இருந்தால், முன்பு அங்கே வேறோர் இயந்திரம் குடியிருந்தது என்று அர்த்தம். அவர் தேடியெடுத்த நிக்கல் கூட்டில் அப்படியொரு தடம் இருந்தது. பின்மூடியில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகளும் இருந்தன. கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் மூன்றாவது மணிக்கூடொன்றிலிருந்து வந்தது. "எழுத்தைத் தேய்ச்சு விடவா?" என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர் வாதிட்டதை புளூட்டாக் எழுதியிருக்கிறார். கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் கேட்டார். சில்லும் அச்சும் தனித்தனியே தேர் அல்ல, தேர் என்பது வழங்கும் பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் விளக்கினார். இவையெல்லாம் பொருளைப் பற்றிய கேள்விகள். என் கேள்வியோ மாமியைப் பற்றியது.

இதை நான் விற்பதாக இருந்தால் ஐயமே எழுந்திராது. தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், ஈரமானதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் அறிவோம். வாங்க வருபவனிடம் முதல் வார்த்தையாக, "கூடு வேற" என்று சொல்லியிருப்பேன். அந்நியனுக்குச் சொல்லத் துணிபவன், தூக்கி வளர்த்த மாமிக்குச் சொல்லவில்லை. 'அவ மனம் நோகும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பெருநாளன்று எனக்குக் கிடைத்த நல்ல பெயரை இழக்க நான் விரும்பவில்லை. அன்பை ஏமாற்றுவதற்கான அனுமதிச் சீட்டாக்கிக் கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஆப்பிரகாம் லிங்கனின் சட்டைப்பை மணிக்கூட்டை 1861 இல் திருத்திய ஜொனதன் டிலன் என்ற தொழிலாளி, உள்ளே இரகசியமாகச் சில வரிகளைப் பொறித்தார். 1906 இல், முதிய வயதில், அதைப் பத்திரிகையொன்றுக்குச் சொன்னார். 2009 மார்ச்சில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அதைத் திறந்தார்கள். பொறிப்பு இருந்தது. ஆனால் சொற்கள் அவர் நினைவுகூர்ந்தபடி இல்லை. பொறித்தவரின் நினைவே இப்படி மாறுமாயின், மாமியின் விரல் நினைவை நான் பொய்க்குச் சாட்சியாக்கலாமா? நாளை என் பிள்ளைகள் அந்த எழுத்துகளையே மூத்தாப்பாவின் பெயராக வாசிக்கவும் கூடும்.

மூன்று வாரம் கழித்துப் போய்ச் சொன்னேன். மாமி மூடியிலிருந்து விரலை எடுத்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. அவருடைய மகிழ்ச்சி குறைந்தது எனக்குத் தெரிந்தது. அதை மறைக்க முடியாது. பிறகு, "அப்ப இது யார்ர கூடு?" என்று கேட்டார்.

"தெரியா மாமி. பேர்ட எழுத்து மட்டும் இருக்கு."

"அழிக்க வேணாம் மகன். அவருக்கும் ஒரு மகள் இருந்திருப்பா."

இந்தப் பக்கத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. மாமியிடமிருந்து ஒன்றை மறைத்தேன் என்று மட்டுமே வருந்திக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத இன்னொரு மனிதனையும் தேய்த்து அழிக்கவிருந்தேன் என்பதை அவர்தான் காட்டினார்.

எழுத்துகளைத் தொட வேண்டாமென்று பதுளைக்குப் போய்ச் சொல்லி வந்தேன். பின்மூடிக்கும் உள்மூடிக்கும் இடையில் இப்போது ஒரு சிறு வட்டக் காகிதம் இருக்கிறது. இயந்திரம் யாருடையது, கூடு யாரென்று தெரியாத ஒருவருடையது, வளையம் மூன்றாமவருடையது, எப்போது பொருத்தப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறேன். மாமி கேட்டுக்கொண்டபடி, வாப்பா கூட்டை ஏன் விற்றார் என்பதையும்.