கை படாத கல்லும் இன்றைய கடமையும்

மனிதர் அமைக்கும் அரசுகள் யாவும் ஒரு நாள் வீழும், அழியாத ஓர் ஆட்சியைக் கடவுளே நிறுவுவார் என்பது விவிலியத் தீர்க்கதரிசன நூல்கள் தரும் வாக்குறுதிகளுள் தலையாயது. தீர்க்கதரிசனத்தை வருங்காலம் கணிக்கும் சோதிடமாகப் பலர் எண்ணுவதுண்டு. இறைவன் பெயரால் நிகழ்காலத்தைக் கண்டித்தும் தேற்றியும் பேசுவதே அதன் முதன்மையான பணி. அவ்வாறாயின், அந்த ஆட்சிக்காகக் காத்திருப்பவர் இன்றைய அநீதியின் முன் கைகட்டி நிற்கலாமா, அல்லது அதைத் தம் கையாலேயே கொண்டுவர முற்படலாமா என்னும் கேள்வி எழுகிறது.

இந்த நம்பிக்கை தெளிவாக உருப்பெறுவது தானியேல் நூலின் 2ஆம் அதிகாரத்தில். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலைக்குத் தலை பொன், மார்பும் கைகளும் வெள்ளி, வயிறும் தொடைகளும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்கள் இரும்பும் களிமண்ணும் கலந்தவை. மனிதக் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் அந்தப் பாதங்களில் மோத, சிலை நொறுங்கிப் பதராய்ப் பறக்க, கல்லோ மலையாகிப் பூமியை நிரப்புகிறது. உலோகங்கள் அடுத்தடுத்து வரும் அரசுகளையும் கல் கடவுளின் ஆட்சியையும் குறிப்பதாகத் தானியேல் விளக்குகிறார். கதை நிகழ்வது கி.மு. 6ஆம் நூற்றாண்டில், ஆனால் நூல் இன்றைய வடிவம் பெற்றது, செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூதச் சமய வழக்கங்களைத் தடைசெய்த கி.மு. 167ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டதாக மக்கபேயர் நூல் குறிக்கும் காலம் அது. அத்தகைய காலத்தில் அரசனுக்கும் ஓர் எல்லை உண்டு என்று சொல்வது வெறும் ஆறுதலன்று. அதிகாரம் தன்னைப் பற்றிப் பரப்பும் பொய்யை மறுப்பதாகும்.

ஆயினும் இதே நம்பிக்கை பிழைபட்ட வரலாறும் உண்டு. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரை 1534இல் கைப்பற்றிய மறுதிருமுழுக்கர்கள், அதாவது வயதுவந்தோருக்கே ஞானஸ்நானம் உரியது என்ற பிரிவினருள் ஒரு சாரார், இறையாட்சியை அங்கே நிறுவிவிட்டதாக அறிவித்துத் தமக்கு ஓர் அரசனையும் முடிசூட்டி, எதிர்த்தவர்களைக் கொன்றனர். மறு ஆண்டில் நகரம் வீழ்ந்தபின், அவர்களின் தலைவர்களுடைய உடல்கள் வைக்கப்பட்ட இரும்புக் கூண்டுகள் இன்றும் தேவாலயக் கோபுரத்தில் தொங்குகின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் நூலின் எண்களிலிருந்து தொடங்கிய கணக்கு 1844 அக்டோபர் 22இல் வந்து நின்றது. அவரைப் பின்பற்றிய உழவர் சிலர் விளைச்சலை அறுக்காமல் விட்டனர், அந்த நாளும் மற்ற நாள்களைப் போலவே கழிந்தது. சமயத்தை மக்களின் அபினி என்று கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அறுவடையைக் கைவிட வைக்கும் நம்பிக்கைக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. கடைசி நாள் வந்துவிட்டதென்று உழைப்பை நிறுத்தியோரைத் தெசலோனிக்கேயருக்கான இரண்டாம் நிருபமே கடிந்துகொள்கிறது.

தானியேல் நூலுக்கு அக்குற்றச்சாட்டு பொருந்தாது. அதன் 3ஆம் அதிகாரத்தில், பொற்சிலையை வணங்க மறுத்துச் சூளையின் முன் நிற்கும் மூவர், தங்கள் கடவுள் தங்களைக் காப்பார் என்று சொன்ன கையோடு, காவாவிட்டாலும் வணங்கமாட்டோம் என்றும் சொல்கின்றனர். பலன் கிடைக்குமா என்பதைக் கொண்டு அவர்கள் கடமையை அளக்கவில்லை. 4ஆம் அதிகாரத்தில் தானியேல் அரசனின் இன்னொரு கனவுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, அதோடு விடாமல், நீதி செய்து ஒடுக்கப்பட்டோருக்கு இரங்குமாறு அவனையே வற்புறுத்துகிறார். அழியப்போகும் அரசுதானே, அதைத் திருத்துவானேன் என்று அவர் எண்ணவில்லை. அரசன் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. 12 மாதம் கழித்து அரண்மனை மேல் உலாவியபடி தான் கட்டிய நகரைத் தானே மெச்சிக்கொள்கிறான். எனினும் அந்த அறிவுரையைச் சொல்லாமல் விட்டிருந்தால், தானியேல் கண்டுசொன்ன பொருள்கள் யாவும் அரசவை வித்தையாகவே நின்றிருக்கும்.