உங்கள் ஒப்படையை நீங்களே எழுதுங்கள்

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள், தம்பிமாரே, தங்கச்சிமாரே. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதல் ஒப்படைக்கு முன்னாவது படியுங்கள். எல்கடுவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, மாத்தளையிலோ வத்தேகமவிலோ படித்து, இன்று கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளிலும் கொழும்பில் பொதியுறை அச்சடிக்கும் கம்பெனிகளிலும் கண்டி ஹோட்டல்களிலும் வேலை செய்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் சிலர் வடிவமைப்பு முகாமைத்துவத்தில் முதுமாணி செய்யப் போகிறீர்கள். நல்லது. லயத்துக் காம்பராவில் குப்பிவிளக்கில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் போய் உட்காருவதை யார் வேண்டாம் என்பார்கள்? பதவி உயர்வுக்காகப் படிக்கிறேன் என்று சொல்வதிலும் குற்றமில்லை. வயிற்றுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை மறைத்துப் பேசுவது வசதியானவர்களின் பழக்கம்.

எனக்குப் பயம் தருவது அடுத்ததாக நீங்கள் சொல்லும் வார்த்தை. "ஒப்படை எழுதித் தர ஆள் இருக்கு அண்ணே. வாட்ஸ்அப்பிலயே அனுப்பிடுவாங்க." இதைத் தலை குனிந்து சொன்னால்கூடப் பொறுக்கலாம். மலிவாகத் தக்காளி கிடைக்கும் கடையைச் சொல்வதுபோலச் சொல்கிறீர்கள். எழுதித் தரும் ஆளுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு இரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்கள். இதை நிறுத்துங்கள். அடுத்த தவணையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், இப்போதே நிறுத்துங்கள்.

எந்தப் பாடத்திலும் களவு களவுதான். ஆனால் இந்தப் பாடத்தில் அது அடிமரத்தையே வெட்டிவிடும். ஏன் என்று விளங்க, இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். 1907இல் ஜெர்மனியில் ஏஈஜி என்ற மின்சாரக் கம்பெனி பீட்டர் பெஹ்ரன்ஸ் என்ற கலைஞரை அழைத்து, தொழிற்சாலைக் கட்டடத்திலிருந்து கேத்தில், விளம்பரத் தாள் வரை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்கப்பட வேண்டும் என்றது. அந்த வேலைக்கு அப்போது பெயர் இல்லை. 1966இல் பிரித்தானியாவில் மைக்கேல் ஃபார் 'வடிவமைப்பு முகாமைத்துவம்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 1975இல் அமெரிக்காவின் பொஸ்டனில் இதற்கென்று ஒரு நிறுவனம் உருவானது. நியூயோர்க்கின் பிராட் நிறுவனம் வேலையில் இருப்பவர்களுக்காக வார இறுதியில் வகுப்பு வைத்தது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும் இதை முதுநிலைப் பாடமாக நடத்துகிறது. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பொருளை யார் வரைவது, யார் செய்வது, யார் பாவிப்பது, இவர்களுக்கு நடுவே முடிவுகளை யார் எடுப்பது. நீங்கள் அந்த முடிவை எடுக்கிறவராக ஆகப் போகிறீர்கள். வரைவதற்கும் செய்வதற்கும் வேறு கைகள் இருக்கும். அந்தக் கைகளின் சார்பில் ஒரு மேசையில் உட்கார்ந்து உண்மை பேசுவதுதான் உங்கள் தொழில்.

உங்கள் வீட்டிலிருந்து மலையிறங்கி மாத்தளை போய், ஏ9 வீதியில் சற்று வடக்கே போனால் அளுவிகாரை வரும். அங்கே பட்டமும் படிப்பும் இல்லாமல் இதே வேலையை ஒரு பெண்மணி செய்தார். 1922இல் பிறந்து 2015இல் மறைந்த ஏனா டி சில்வா. கொழும்பில் பத்திக் துணியைக் கலையாக நிறுத்தியவர், பிறகு சொந்த ஊரான அளுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களோடு பத்திக், தையல் பூவேலை எல்லாம் நடத்தினார். பித்தளை வார்ப்பும் தச்சுவேலையும் அங்கேயே நடந்தன. வந்தவர்களுக்குச் சோறு கறி சமைத்துப் போட்டதும் அந்த முயற்சியின் ஒரு கிளை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையில் தொங்கிய பத்திக் அவருடைய பட்டறையிலிருந்து போனது. எத்தனை பேருக்கு வேலை, எந்தக் கைக்கு எந்த வேலை பொருந்தும், சாயத்துக்கு என்ன செலவு, ஹோட்டல்காரனிடம் என்ன விலை சொல்வது, இதையெல்லாம் அவர் தீர்மானித்தார். நீங்கள் படிக்கப் போவது இதைத்தான். ஆனால் ஒன்று. அந்தக் கூரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பாவாவையும் ஏனாவையும் சொல்வார்கள். சுடுமெழுகைத் தொட்டு வரைந்த பெண்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்லவர்கள் நடத்திய இடத்திலேயே இப்படி என்றால், கவனமில்லாதவர்கள் கையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம். குறைந்தது 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. ஆக, 1500 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம் போகும். ஆய்வோடு சேர்ந்த 10ஆம் மட்டம் என்றால் 60 கிரெடிட், அதாவது குறைந்தது இரு மடங்கு. சனிக்கிழமை வகுப்புக்குப் போய் வந்தால் முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் எழுதித் தரும் ஆளைத் தேடுகிறார்கள். உங்களிடம் அந்தப் பதினைந்து மணித்தியாலம் இல்லையா? கைக்குழந்தை இருக்கிறதா, இரவு ஷிஃப்டா, அம்மாவுக்கு சுகமில்லையா? ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. படிப்பை எடுத்துக்கொண்டு உழைப்பை விலைக்கு வாங்குவதுதான் வெட்கம். கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டத்தை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

ஏன் ஒப்படையை வாங்குகிறார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதை நான் நம்ப மாட்டேன். ஆங்கிலம்தான் காரணம். தமிழ் மொழி மூலம் உயர்தரம் வரை படித்தவர் திடீரென்று மூவாயிரம் சொல்லில் ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டும். கொழும்பு சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை பக்கத்து இருக்கையில் இருக்கிறான். உங்கள் வசனம் உடைந்து நிற்கும். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் நேர்மை கைநழுவுகிறது. சொல்லட்டுமா? உடைந்த ஆங்கிலத்துக்குப் புள்ளி குறையும், ஆனால் உங்கள் பெயர் குறையாது. முதலில் தமிழில் எழுதுங்கள். என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது தமிழில் தெளிந்த பிறகு, வசனம் வசனமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். இலக்கணத்தைத் திருத்த ஒரு ஆளையோ ஒரு கருவியையோ பயன்படுத்துங்கள், அதைப் பயன்படுத்தினேன் என்று முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சிந்தனையை மட்டும் வெளியாளிடம் கொடுக்காதீர்கள்.

அந்தச் சிந்தனைக்கு வேண்டிய சரக்கு உங்களிடம் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனியைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றி எழுத உங்களை விட்டால் யார்?

ஒரு நாள் பின்னேரம் அங்கே போய் நில்லுங்கள். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, படங்கு கட்டி, தலையில் கயிறு மாட்டி மலை ஏறிய பெண்கள் பையோடு இறங்கி வருவார்கள். மழை நாளென்றால் பை இரண்டு மடங்கு கனக்கும். வரிசையில் நின்று தராசுக் கொக்கியில் பையை மாட்டுகிறாள் ஒரு அக்கா. கணக்கப்பிள்ளை எண்ணைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். பைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. கழித்து வரும் கிலோ தோட்டம் கேட்கும் அளவைத் தொட்டால் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி, தொடாவிட்டால் அரைப்பேர். நாட்சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதும் வராததும் அந்தக் கொக்கியில் தீர்மானமாகிறது. இப்போது ஒன்றைக் கவனியுங்கள். தராசில் எண் தெரியும் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? கணக்கப்பிள்ளை பக்கமா, பையைத் தூக்கி வந்தவள் பக்கமா? இரண்டு பக்கமும் தெரியும்படி ஒரு முகம் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? கழிவு எத்தனை கிலோ என்று தமிழில் எழுதிய ஒரு துண்டை அவள் கையில் கொடுத்தால் என்ன மாறும்? அவளுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் துண்டு எப்படி இருக்க வேண்டும்? எந்த வகுப்பிலும் இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் சின்ன வயதில் அந்த வரிசையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து நின்றிருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் சர்வதேசப் பாடசாலைப் பையனுக்கு இது தெரியாது.

ஆனால் போய் நிற்க வேண்டும். நிற்காமலே நின்றதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு ஆய்வேட்டை நான் வாசித்தேன். மூன்று கொழுந்து எடுக்கும் பெண்களின் நேர்காணல் என்று போட்டிருந்தது. மூவரும் ஒரே குரலில், 'எமது பணிச்சூழலில் பங்கேற்பு மேம்படுத்தப்பட வேண்டும்' என்று பேசினார்கள். மலையிறங்கி வந்து காலில் ஒட்டிய அட்டையைச் சுண்ணாம்பு வைத்து எடுத்துக்கொண்டிருக்கும் எந்த அக்கா இப்படிப் பேசுவாள்? அவளிடம் கேட்டிருந்தால், "தம்பி, அந்தத் தராசக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு" என்றிருப்பாள். இட்டுக்கட்டிய நேர்காணல் வெறும் பரீட்சைக் குற்றம் என்று நினைக்காதீர்கள். வாயில்லாதவள் என்று ஊர் ஒதுக்கியவளின் வாயில் உங்கள் சொல்லைத் திணிப்பது அது. பாட்டன் காலத்துக் கங்காணி அவள் பேரைக் கொப்பியில் வெட்டினான். நீங்கள் பட்டத்துக்காக வெட்டுகிறீர்கள்.

இன்னொன்று, கைவினை. மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிதப் பகுதியில் அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. சூடாக்கிய நிற அரக்கை நூலாக இழுத்து, பிரம்பிலோ மரத்திலோ பதித்து, விரல் நகத்தால் துண்டாக்கும் வேலை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இலங்கைக் கலை நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார். கருவி இல்லை, நகம்தான் கருவி. உங்கள் ஹோட்டலுக்குச் சவர்க்காரப் பெட்டி வடிவமைக்கச் சொன்னால் அந்தக் கோலத்தைப் போனில் படம் எடுத்து அச்சுக்கு அனுப்ப உங்களுக்குக் கை அரிக்கும். செய்யாதீர்கள். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் புதிய கைத்தொழில் வடிவத்தைப் பதிவு செய்தால் ஐந்து வருடமும், இரண்டு முறை புதுப்பித்து மொத்தம் பதினைந்து வருடமும் காக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த கோலம் புதியதல்ல, அதைத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு உங்கள் மேல் வழக்குப் போட ஹபுவிதயில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். போய்ப் பேசுங்கள். விலை கேளுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் ஊர் பெயர் போடுங்கள்.

அலுவலகத்திலும் இதேதான். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையன் வரைந்ததை உங்கள் ஆய்வேட்டின் படமாகப் போடாதீர்கள். கம்பெனிக் கணக்கை அனுமதியில்லாமல் வகுப்பில் காட்டாதீர்கள். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போவீர்கள் அல்லவா? இந்த முறை பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்காதீர்கள். யாரைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அவர்கள் வீட்டுக்குப் போய், "நான் படிக்கிறேன், உங்களைப் பற்றி எழுதலாமா, பெயர் போடலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வதுபோலவே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பக்கத்தில் சுருக்கி எடுத்துக்கொண்டு மறுபடியும் போய், வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்திலாவது அந்த அக்கா, "இது நான் சொன்னதில்லையே" என்றால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமுன் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.