பால் மறந்த பின்

பிள்ளை பால் மறந்ததும், அதுவரை பால் சுரந்த செல்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகிறது. நோயில்லை, காயமில்லை, தாய் நலமாகத்தான் இருக்கிறாள். இந்தச் சாவை என்னவென்று சொல்வது?

இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலும் ஒன்று என்கிறது சைவ சித்தாந்தம். களைத்த உயிர்களுக்கு அது இளைப்பாறுதல் என்றும் விளக்குகிறது. சாவும் ஒரு தொழில் என்ற பாதி, பால்சுரப்பியில் கண்ணெதிரே நடக்கிறது.

சுண்டெலிகளில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டி குடிக்கும்வரை ப்ரோலாக்டின் ஹார்மோன் ஸ்டாட்5 என்ற புரதத்தை இயக்கத்தில் வைத்திருக்கிறது. பாலுக்கான மரபணுக்கள் ஓடுகின்றன, செல்கள் பிழைத்திருக்கின்றன. குட்டியைப் பிரித்தால் பால் கட்டிக்கொள்ளும். அப்போது ஸ்டாட்3 என்ற இன்னொரு புரதம் வேலையைத் தொடங்குகிறது. பால்சுரப்பியில் அதன் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள்; சாவு தள்ளிப்போனது. இது 1999-இல். ஸ்டாட்3 எப்படிக் கொல்கிறது என்பதை 2011-இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டின் வாட்சனின் குழு காட்டியது: செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோம் பைகள் கசிகின்றன, கதெப்சின் நொதிகள் வெளியேறி அந்தச் செல்லையே அழிக்கின்றன. செத்தவற்றைப் பக்கத்துச் செல்களே விழுங்கிவிடுகின்றன.

இதைவிட யோசிக்க வைப்பது 1997-இல் வெளியான ஒரு சோதனை. சில காம்புகளை மட்டும் அடைத்துவிட்டு, மற்றவற்றில் குட்டிகளைக் குடிக்க விட்டார்கள். எல்லாச் சுரப்பிக்கும் ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஆனாலும் அடைத்தவற்றில்தான் செல்கள் செத்தன. பால் தேங்கிய இடத்தில்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்தத் தீர்ப்பும் உடனே முடிந்த முடிவல்ல: முதல் இரண்டு நாளுக்குள் குட்டியைத் திரும்பச் சேர்த்தால் பால் மறுபடி சுரக்கும். அதன் பிறகு திசுவின் கட்டமைப்பே கலைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பும்.

அப்படியானால் ஸ்டாட்3 சாவின் மரபணுவா? அதுவும் இல்லை. பல மார்பகப் புற்றுகளில் இதே ஸ்டாட்3 ஓயாமல் இயங்கி, செல்களைச் சாகவிடாமல் காக்கிறது. ஊழை ஒரு மரபணுவின் தலையில் எழுதிவைக்க முடியாது. எந்தத் திசு, எந்த நேரம் என்பதைப் பொறுத்தே அதன் வேலை மாறுகிறது.

சித்தாந்தத்தின் மறுபாதி இங்கே பொருந்தாது. இளைப்பாற அந்தச் செல்லில் யாரும் இல்லை. அடுத்த கருவின்போது, எஞ்சியிருக்கும் செல்களிலிருந்து புதியவை பெருகும். செத்தது திரும்பி வராது. இதைத் தியாகம் என்பதும் தவறு. மறுக்கக்கூடியவர் மறுக்காமல் கொடுப்பதே தியாகம். செல்லால் மறுக்க முடியாது.

தாயால் முடியும். பால் கொடுப்பது, நிறுத்துவது, மறுபடி கருவுறுவது எல்லாம் அவள் முடிவுகள். பெண் தன்னைக் கரைத்துக்கொள்வதே இயற்கை என்று போதிக்கிறவர்கள் இந்தச் செல்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.