வாகனம் மாறினால் மரியாதை மாறுமா?

(ஜும்ஆ பயான், திருவல்லிக்கேணி)

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஅத்.

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே, அன்புச் சகோதரர்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு நல்லுபதேசம் செய்கிறேன். நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பயப்படுவதைவிட, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அல்லாஹ்வைப் பயப்படுவோமாக.

இன்றைய தலைப்பு மிம்பரில் பேசுகிற விஷயமா என்று சிலர் நினைக்கலாம். கார். பெரிய கார் வைத்திருந்த ஒருவர் அதை விற்றுவிட்டுச் சின்ன கார் வாங்குவது. பென்ஸில் வந்தவர் அடுத்த வாரம் மாருதியில் வருவது. இதில் மார்க்கம் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. இந்த ஒரு முடிவை எடுக்கத் துணிவில்லாமல் வட்டியில் மூழ்கிய குடும்பங்கள் உண்டு. வியாபாரம் படுத்துவிட்ட பிறகும், வண்டியை விற்றால் மார்க்கெட்டில் பேச்சு வந்துவிடும், பெண்ணுக்கு வரன் வராது என்று பயந்து, தவணை கட்டுவதற்காக இன்னொரு கடன் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

வாகனம் ஒரு நிஃமத்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல வாகனம் ஹராம் அல்ல. சூரத்துந் நஹ்லில் (16:8) குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சொல்லும்போது, நீங்கள் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் என்று இரண்டையும் சேர்த்தே அல்லாஹ் சொல்கிறான். நீங்கள் அறியாதவற்றையும் படைப்பான் என்றும் அதே ஆயத்தில் வருகிறது. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், வசதியான வாகனம் ஆகிய நான்கும் மனிதனின் நற்பாக்கியத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் இப்னு ஹிப்பானில் இருக்கிறது.

ஆகவே ஹலாலான காசில், கடனில்லாமல், பெருமையில்லாமல் ஒருவர் நல்ல கார் வைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பெருமை என்பது நல்ல பொருளை விரும்புவதல்ல. சத்தியத்தை மறுப்பதும் மக்களைக் கேவலமாகப் பார்ப்பதும்தான் பெருமை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள் (முஸ்லிம்). அந்த விளக்கப்படி பார்த்தால் சைக்கிளில் வருகிறவரிடமும் பெருமை இருக்கலாம். கோடி ரூபாய்க் காரில் வருகிறவரிடமும் பணிவு இருக்கலாம்.

அப்படியானால் பிரச்சினை எங்கே வருகிறது? வண்டி நம்மைச் சுமக்கிற வரைக்கும் அது நிஃமத். நாம் வண்டியைச் சுமக்க ஆரம்பித்தால் அது சோதனை.

ஏறியது இறங்கத்தான் செய்யும்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மிகவும் கஷ்டமாகிவிட்டது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், உலகத்தில் எந்தப் பொருள் உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது ஆக்கிக்கொண்ட நியதி என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள் (புகாரி).

சகோதரர்களே, கொஞ்சம் யோசியுங்கள். தோற்றது யாருடைய வாகனம்? அகிலத்தின் அருட்கொடையான நபியின் வாகனம். முந்தியது ஒரு கிராமவாசியின் ஒட்டகம். நபி (ஸல்) அவர்கள் முகம் சுளிக்கவில்லை, காரணம் சொல்லவில்லை. வாகனம் பின்தங்கியதால் அவர்களின் அந்தஸ்து ஒரு அணுவளவும் குறையவில்லை. அப்படியிருக்க, நம்முடைய கார் சிறியதானால் நம் மானம் போய்விடும் என்று நமக்குச் சொன்னது யார்?

காரூனின் ஊர்வலம்

சூரத்துல் கஸஸில் (28:79-82) காரூனின் சம்பவம் வருகிறது. அவன் தன் அலங்காரத்தோடு மக்கள் முன்னால் வெளிப்பட்டான். பார்த்தவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் ஏங்கியது: இவனுக்குக் கிடைத்ததுபோல் நமக்கும் கிடைக்காதா, இவன் பெரிய பாக்கியசாலி என்று. கல்வி கொடுக்கப்பட்டவர்கள் மட்டும், அல்லாஹ்வின் கூலியே மேலானது என்று எச்சரித்தார்கள். பிறகு பூமி காரூனையும் அவன் வீட்டையும் விழுங்கியது. நேற்று ஏங்கியவர்கள், அல்லாஹ் நம்மைக் காப்பாற்றினான் என்று சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தில் காரூனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்த்து ஏங்கிய கூட்டத்தைப் பற்றி யோசிப்பதில்லை. காரூன்கள் தனியாக உருவாவதில்லை சகோதரர்களே. வேடிக்கை பார்க்க நாம் நிற்பதால்தான் ஊர்வலம் வருகிறது.

அமீருல் முஃமினீன் இறங்கிய குதிரை

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் பயணம் வந்தபோது நடந்ததை வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். எளிமையாக வந்த கலீஃபாவுக்கு ஒரு சிறந்த ஜாதிக் குதிரை கொடுக்கப்பட்டது. ஏறினார்கள். அது தலையை ஆட்டி, துள்ளி, மிடுக்காக நடக்க ஆரம்பித்தது. உமர் (ரலி) அவர்கள் உடனே இறங்கிவிட்டார்கள். அந்த நடையை அவர்கள் வெறுத்தார்கள். பழைய வாகனத்திற்கே திரும்பினார்கள். ஷாமின் மக்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். உலகின் மிகப் பெரிய ஆட்சிகளில் ஒன்றின் தலைவர். அவர்கள் இறங்கியதால் இஸ்லாமிய ஆட்சியின் கண்ணியம் குறைந்ததா? இன்றுவரை அந்த இறங்குதலைத்தான் நாம் பேசுகிறோம்.

அவர்களுடைய வம்சத்தில் வந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இன்னும் நெருக்கமான உதாரணம். ஏனென்றால் அவர்கள் சொகுசில் வளர்ந்தவர்கள். மதீனாவின் கவர்னராக இருந்த காலத்தில் விலை உயர்ந்த ஆடையும் வாசனையும் அவர்களுக்குப் பழக்கம். ஹிஜ்ரி 99-ல் கலீஃபா ஆனார்கள். முந்தைய கலீஃபாவை அடக்கம் செய்து முடித்ததும் அரசாங்கக் குதிரைகள் அலங்காரத்தோடு வந்து நின்றன. அவர்கள் அவற்றை வேண்டாமென்று சொல்லி, தம் சொந்தக் கோவேறு கழுதையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் குதிரைகள் விற்கப்பட்டு, பணம் பைத்துல்மாலில் சேர்ந்தது. அவர்களின் மனைவி ஃபாத்திமா அம்மையார் கலீஃபாவின் மகள், கலீஃபாக்களின் சகோதரி. அவர்களும் தம் நகைகளைப் பைத்துல்மாலுக்குக் கொடுத்துக் கணவருக்குத் துணை நின்றார்கள். வீட்டிலுள்ள பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணவர் இறங்கத் தயாராக இருந்தும் வீட்டார் விடாததால் கடனில் தொடர்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம்

தூரம் போக வேண்டாம். பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சேப்பாக்கம் மாளிகை இருக்கிறது. 1768-ல் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களுக்காகக் கட்டப்பட்டது. நல்ல காரியங்கள் பல செய்த நவாப். அல்லாஹ் அவர்களை மன்னிப்பானாக. ஆனால் போர்ச் செலவுக்கும் தர்பார் செலவுக்கும் கம்பெனியிடமும் வெள்ளைக்காரத் தனியாரிடமும் வட்டிக்கு வாங்கிய கடன் மலைபோல் வளர்ந்தது. அந்தக் கடன் விவகாரத்தை 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்திலேயே பேசினார். 1801-ல் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. 1855-ல் கடைசி நவாப் மறைந்த பிறகு, கடனுக்காக மாளிகையே ஏலத்திற்கு வந்து அரசாங்கம் வாங்கியது. இன்று அது அரசு அலுவலகக் கட்டடம்.

அதே குடும்பத்தார் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். இன்றும் பாங்கு ஒலிக்கிறது, ஸஃப்கள் நிறைகின்றன. அந்தப் பள்ளியின் வளாகத்தில்தான், எளிமைக்குப் பேர்பெற்ற காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1972 ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் எந்த வாகனத்தில் வந்தார்கள் என்பதை வைத்து யாராவது அவர்களை நினைக்கிறோமா? திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கே அவர்கள் பெயர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு வியாபாரி 60 லட்ச ரூபாயில் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். அதுவே 12 லட்சம். 50 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 1,04,000 ரூபாய். 60 மாதத்தில் கட்டுவது 62 லட்சத்துக்கும் மேல். வட்டி மட்டும் 12 லட்சத்தைத் தாண்டுகிறது. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், டிரைவர் சம்பளம் தனி.

வட்டியை விட்டுவிடாவிட்டால் அல்லாஹ்வும் ரசூலும் தொடுக்கும் போருக்குத் தயாராகுங்கள் என்ற எச்சரிக்கை பகராவில் (2:279) இருக்கிறது. வாங்குபவரோடு கொடுப்பவரும் சாபத்தில் சேர்கிறார் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அதிகமாகப் பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் என்று கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (புகாரி). "செக்கை அடுத்த வாரம் போடுங்க பாய்" என்று சொல்லி ஓடுகிறவருக்கு இந்த ஹதீஸின் அர்த்தம் நன்றாகவே புரியும்.

அப்படிப்பட்டவருக்குச் சொல்கிறேன்: வண்டியை விற்றுக் கடனை அடைப்பது தோல்வி அல்ல, தவ்பா. 8 லட்ச ரூபாய்க் காரும் ரமளானில் உங்கள் தாயாரைத் தராவீஹுக்கு அழைத்து வரும். பஸ்ஸும் மெட்ரோவும் கூட அழைத்து வரும்.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று, உண்மை பேசுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை சொல்லி, குறையை விளக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விபத்தில் அடிபட்ட வண்டியா? சொல்லிவிடுங்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது பச்சைத் திருட்டு.

இரண்டு, பேங்க் கடனை முடித்து, ஆர்.சி.யில் இருக்கிற அடமானப் பதிவை நீக்கி, பெயர் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகச் செய்துகொடுங்கள். அடுத்தவர் தலையில் சிக்கலை ஏற்றாதீர்கள்.

மூன்று, டிரைவர். பல வருடம் உங்களுக்காக இரவு பகல் ஓட்டியவர். வண்டி போனதும் அவரை மறந்துவிடாதீர்கள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. பாக்கி சம்பளத்தைத் தீர்த்து, வேறு வேலைக்கு நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

நான்கு, ஜகாத். சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஜகாத் இல்லை. விற்று வந்த பணம் கடன் போக நிஸாப் அளவு கையில் இருந்து வருடம் பூர்த்தியானால் இரண்டரை சதவீதம் கடமை.

ஜமாஅத்தின் பொறுப்பு

கடைசியாக நம் எல்லோருக்கும். ஒருவர் சின்ன காரில் வந்து இறங்கியதும், "என்ன பாய், வண்டி மாறிடுச்சு? பிசினஸ் டல்லா?" என்று கேட்பது நமக்கு ஒரு நிமிட வேடிக்கை. அவர் பல ராத்திரி தூங்காமல் எடுத்த முடிவு அது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இன்னொருவர் விற்காமல் கடனில் கிடக்கிறார். பெரிய கார் வந்தால் எழுந்து நின்று வழிவிடுகிறோம், அதே மனிதர் ஆட்டோவில் வந்தால் ஸலாமுக்குப் பதில் சொல்லவே நேரமில்லை. அப்படியானால் நாம் ஸலாம் சொன்னது மனிதருக்கா, இரும்புக்கா?

இன்று ஒரு தீர்மானம் எடுப்போம். வாகனத்தை இறக்கிக்கொண்ட சகோதரரைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டோம். முன்பைவிட நெருக்கமாக முஸாஃபஹா செய்வோம். மகளுக்கு வரன் பார்க்கும்போது வாசலில் என்ன கார் நிற்கிறது என்று பார்க்க மாட்டோம், வட்டியில்லாத வீடா என்று விசாரிப்போம். நம் எல்லோருக்கும் கடைசி வாகனம் ஒன்றுதான் சகோதரர்களே. சந்தூக். அதை நாலு பேர் தோளில் தூக்குவார்கள். அதில் பென்ஸும் இல்லை, மாருதியும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களை அடைப்பதற்கு வழி செய்வாயாக. வட்டியிலிருந்து எங்கள் வீடுகளைப் பாதுகாப்பாயாக. கொடுத்ததில் நன்றியையும், எடுத்ததில் பொறுமையையும் தருவாயாக. மனிதர்களின் பேச்சுக்குப் பயந்து உன் கட்டளையை மீறுகிறவர்களாக எங்களை ஆக்கிவிடாதே. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.