அனுபவமும் கோட்பாட்டின் உரிமையும்
இந்தியச் சமூக அறிவியலில் சாதி இழிவைச் சுமப்பவர் தரவு தருகிறார். கோட்பாடு வகுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். இந்தப் பிரிவினையே ஒரு சாதிய அமைப்பு என்று அரசியல் அறிஞர் கோபால் குரு 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் சாடினார்.

பட்டறியாதவர் அந்தத் துயரைப் பற்றிக் கோட்பாடு வகுக்கலாமா? தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை 2007இல் அதே இதழில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் பார்வையில், வாழ்ந்த அனுபவம் என்பது தப்பிக்க வழியற்றது. அதற்கு ஆட்பட்டவர் அதன் உரிமையாளரே தவிர, அதை இயற்றியவர் அல்லர். நினைத்தபோது சேரியிலிருந்து கிளம்பிவிடக்கூடிய ஆய்வாளருக்கு, எத்தனை பரிவு இருந்தாலும், அந்த அனுபவம் வாய்க்காது. இருவரின் விவாதம் 2012இல் 'தி கிராக்டு மிரர்' என்ற நூலானது.

பட்டவர் மட்டுமே பேசலாம் என்றால் கோட்பாடு சுருங்கும் என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் பட்டவரைத் தகவலாளியாகவே நிறுத்திவைக்கும் துறைக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.