தண்ணீர்த் தானமும் தண்ணீர் உரிமையும்

நெடுந்தூரம் சைக்கிளில் சென்று தரும நிதி திரட்டும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றியுள்ளது. இலண்டனிலிருந்து பாரிசு வரை பல நூறு கிலோமீட்டர் மிதித்துச் செல்வோர் உளர். அவர்கள் உற்றாரிடமும் நண்பரிடமும் முன்னரே வாக்குறுதி பெற்று, சேர்ந்த பொருளை ஓர் அறச்சங்கத்திடம் ஒப்படைக்கின்றனர். 1981-இல் பிரிட்டனில் தோன்றிய 'வாட்டர் எய்ட்' போன்ற சங்கங்கள் அவ்வாறு வரும் பொருளையும் கொண்டு ஏழை நாடுகளில் தூய குடிநீருக்கு வழி செய்கின்றன. இச்செயலைத் தம்மத்தின் துலாக்கோலில் இட்டால் அதன் நிறை யாது? புண்ணியம் மிதித்தவன் பட்ட பாட்டில் உளதா, தந்தவன் பொருளில் உளதா, பருகுவோன் தாகம் தணிவதில் உளதா?

தண்ணீர்க் கொடை பௌத்தத்திற்குப் புதிதன்று. சோலை வைப்போர், பாலம் அமைப்போர், தண்ணீர்ப் பந்தலும் கிணறும் தருவோர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளர்வதாகச் சம்யுத்த நிகாயத்தின் வனரோப சூத்திரத்தில் பகவான் அருளியுள்ளார். மனிதரும் விலங்குகளும் பயன்பெற வழிகளில் கிணறு தோண்டச் செய்ததை அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். சோழர், பாண்டியர் பெயர்களும் அக்கல்வெட்டில் உள்ளன.

ஆயினும் உடலை வருத்துவதால் மட்டும் புண்ணியம் விளையாது. சாரநாத்தில் நிகழ்த்திய முதற் பேருரையிலேயே பகவான் தன்னை வருத்தும் நெறியைப் பயனற்றதென விலக்கினார். ஆகவே கால் கடுத்ததும் முதுகு நொந்ததும் தம்மளவில் அறமாகா. ஆனால் வலியை நாடுவது வேறு. நற்செயலினூடே வரும் வலியைப் பொறுப்பது வேறு. பின்னது வீரியமும் பொறுமையும் ஆகும். கிணறு வெட்டுவோனின் தோள்வலியைத் தன்னை வருத்தும் நோன்பென்று எவரும் கூறார்.

'இதில் புகழாசை கலந்துள்ளதே' என்பர் சிலர். அச்சத்தால் கொடுத்தல், கைம்மாறு கருதிக் கொடுத்தல், புகழ் கருதிக் கொடுத்தல் முதலாகத் தானத்தின் காரணங்கள் எட்டினை அங்குத்தர நிகாயம் எண்ணுகிறது. உள்ளத்தை அணிசெய்யக் கொடுப்பது அவற்றுள் இறுதியானது. சேதனையே கம்மம் ஆதலின், கலப்புள்ள சேதனை கலப்புள்ள பயனையே தரும். எனினும் புகழுக்காகத் தரப்பட்ட நீரும் தாகத்தைத் தணிக்கும். பிறர் நோக்கத்தை எடைபோடுவதை விடுத்து, அவரவர் தம் நோக்கத்தைத் தூய்மை செய்வதே தக்கது.

தூய நோக்கத்திற்கும் அறிவு துணையாதல் வேண்டும். வங்காள தேசத்தில், குளத்து நீரால் வரும் நோய்களினின்று மக்களைக் காக்க, 1970-களிலிருந்து குழாய்க்கிணறுகள் பெருந்தொகையில் இறக்கப்பட்டன. அந்நாட்டு நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1993-இல் கண்டறியப்பட்டது. அங்கே கருணைக்குக் குறைவில்லை, சோதனை முந்தவில்லை. நீரைச் சோதியாமலும், பம்பு பழுதுற்றால் செப்பனிட வழி செய்யாமலும் கொடுப்பது அரைத் தானமே.

இவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு. தண்ணீர் தானப் பொருளா, உரிமைப் பொருளா? பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட வேண்டுமெனப் பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகரசபையும் அதனை ஏற்றது. ஏட்டில் இருந்த உரிமை குளக்கரைக்கு வரவில்லை. 1927 மார்ச்சு 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று சவதார் குளத்து நீரைப் பருகினார். அக்குளத்தில் நீருக்குப் பஞ்சமில்லை. மனிதரை மனிதராய் மதிக்கும் மனத்திற்கே பஞ்சம். எவரேனும் இரங்கி வேறொரு கிணறு வெட்டித் தந்திருப்பின் தாகம் தணிந்திருக்கும், இழிவு தணிந்திராது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937-இல்தான் முடிவுற்றது. தூய குடிநீர் மனித உரிமையென ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றது 2010-இல்.

திவ்யாவதானம் கூறும் கதையொன்றை இங்கே நினைவு கூர்தல் நலம். ஆனந்தர் கிணற்றடியில் மாதங்க குலப் பெண்ணிடம் நீர் கேட்டார். அவள் தன் குலத்தைக் கூறித் தயங்கினாள். தமக்கு வேண்டியது குலமன்று, நீரே என்று அவர் பெற்றுப் பருகினார். அங்கே ஈந்தவள் தாழ்த்தப்பட்டவள். ஏற்றவர் பகவானின் அணுக்கச் சீடர். கொடுப்போன் உயர்ந்தோன், ஏற்போன் தாழ்ந்தோன் என்னும் கணக்கு அக்கிணற்றடியில் கவிழ்ந்தது.

ஆகவே, சைக்கிள் மிதித்து நிதி சேர்ப்போரைப் போற்றுவோம். நம் இளைஞரும் அப்பணியில் இறங்கட்டும். ஆனால் பெறுவோரைக் கையேந்துவோராக எண்ணாதிருக்கட்டும். அவர்களுக்குரியது அவர்களிடம் சேர்கிறது என்றே எண்ணட்டும். திரட்டிய பொருளால் அமையும் பம்பு எந்தத் தெருவில் நிற்கும், அதனை எல்லோரும் தொடலாமா என்னும் வினாவை முதலில் கேட்கட்டும். அவ்வினாவைக் கேட்க நம்மினும் தகுதியுடையோர் இலர்.